இரண்டு மீன் போதும் என்ற மகனுக்கு

14 செப்டம்பர் 2024,
சனிக்கிழமை, முற்பகல்

அன்பு மகனுக்கு,

உன் தந்தை எழுதுவது. ஆகஸ்ட் 28 தேதியிட்ட உன் கடிதம் செப்டம்பர் 9, திங்கட்கிழமை பிற்பகல் என் கைக்கு வந்து சேர்ந்தது. பதில் எழுத ஐந்து நாள் எடுத்துக்கொண்டதற்குச் சோம்பல் காரணமன்று. முதல் மூன்று நாள்களுக்குள் எழுதியிருந்தால் அதை நீ பாதியில் கிழித்துப் போட்டிருப்பாய். இங்கு அனைவரும் நலம். ‘அனைவரும்’ என்ற சொல் உனக்கு எரிச்சலூட்டும் என்று தெரிந்தேதான் எழுதுகிறேன்.

நீ எழுதியதை நான் சரியாகப் புரிந்துகொண்டேனா என்று பார். வரும் அக்டோபர் 20, ஞாயிற்றுக்கிழமை, நீ ஒரு வீட்டுத் தரகரை அழைத்துக்கொண்டு வருகிறாய். அதற்குள் ஓட்டுநரும் தையற்காரரும் உன் சித்தியும் வேறு இடம் பார்த்துக்கொள்ள வேண்டும். மீன்தொட்டியை யார் தலையிலாவது கட்டிவிட வேண்டும். வீடு விலைபோனதும் நீ பார்த்து வைத்திருக்கும் முதியோர் இல்லத்தில் நான் சேர வேண்டும். அங்கே தனி அறை உண்டு, வேளைக்கு மருந்து உண்டு, ஆனால் வளர்ப்பு உயிர்களுக்கு அனுமதி இல்லை.

என் பதிலைச் சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். மாட்டேன். வீடு என் பெயரில் இருக்கிறது என்ற தைரியத்தில் சொல்லவில்லை. உன் பெயரில் இருந்திருந்தாலும் மாட்டேன் என்றுதான் எழுதியிருப்பேன். கையெழுத்து கொஞ்சம் நடுங்கியிருக்கும், அவ்வளவுதான்.

இந்தக் கூட்டத்தைத் தொடங்கி வைத்தவன் நீ என்பதை உனக்கு நினைவூட்ட வேண்டியிருக்கிறது. உன் அம்மா 2021 அக்டோபர் 3-ஆம் தேதி நம்மை விட்டுப் போனாள். அடுத்த ஜனவரியில் நீ வந்து, கூடத்தில் நாலடி நீளத் தொட்டி ஒன்றை நிறுத்தி, பாறைத் துண்டுகளை அடுக்கி, உப்புநீர் கரைத்து, பம்பை ஓடவிட்டுப் போனாய். நீர் பக்குவப்பட ஒரு மாதம் ஆகும், அதன்பின் இரண்டு கோமாளி மீன்களை வாங்கி விடுங்கள் என்றாய். “ரெண்டு போதும்ப்பா. ஒண்ணுக்கு ஒண்ணு துணை” என்பது நீ சொன்ன வாக்கியம். ஒரு துணையை இழந்து நான்கு மாதம்கூட ஆகாதவனிடம், இரண்டில் ஒன்று போனால் மற்றது என்ன செய்யும் என்று நீ யோசிக்கவில்லை. நான் யோசித்தேன்.

2022 பிப்ரவரி 12-ஆம் தேதி கடைக்குப் போய் ஆறு கேட்டேன். கடைக்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். “சார், ரெண்டுக்கு மேல போட்டா ஒண்ணை ஒண்ணு கடிச்சே கொன்னுடும். அப்புறம் என்கிட்ட வந்து சண்டை போடக் கூடாது” என்றார். அவருடைய தொட்டியில் நாற்பது கோமாளிகள் உரசிக்கொண்டு நீந்துகின்றனவே, அது எப்படி என்று கேட்டேன். “இது கடை சார். இங்க எதுக்கும் இது என் இடம்னு ஒண்ணு இல்லையே” என்றார். எடை அளவு ஆய்வாளராக முப்பத்தோரு ஆண்டு கடைக்காரர்களின் தராசை நம்பாமலே காலம் தள்ளியவன் நான். அன்று முதன்முறையாக ஒரு கடைக்காரரின் வாய்ச்சொல்லை அப்படியே எடுத்துக்கொண்டேன். ஒரே ஈற்றில் பிறந்த, ஒரே அளவுள்ள ஆறு குஞ்சுகளை வாங்கி வந்து, ஒரே நேரத்தில் நீரில் விட்டேன். எதுவும் முன்னால் வந்து இடம் பிடிக்கவில்லை. எதுவும் பின்னால் வந்து இடம் கேட்கவில்லை.

இவற்றின் குடும்ப அரசியல் உனக்குத் தெரியாது. குஞ்சாக இருக்கையில் எதுவும் பெண் அன்று. எது பெரிதாக வளர்ந்து மற்றவற்றை அடக்குகிறதோ அது பெண்ணாக மாறிவிடும். அதற்கு அடுத்தது அதன் ஆண் துணை. எஞ்சியவை வளர்ச்சியை அடக்கிக்கொண்டு சிறிதாகவே இருக்கும். பெரியது கிட்டே வந்தால் சின்னவை உடம்பை ஒருபக்கமாகச் சாய்த்து உதறும். ‘உங்களோடு போட்டிக்கு வரவில்லை அம்மா’ என்று அதற்குப் பொருள். ஓட்டுநர்தான் பெரியதற்குச் ‘செக்கிங்’ என்று பெயர் வைத்தார்; பேருந்தில் ஏறிச் சீட்டுச் சோதிக்கும் அதிகாரியைப் போல அது ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே வருமாம். கடைசிக் குட்டிக்குப் பெயர் ‘ஓசி’.

ஓட்டுநர் யார் என்று நீ கடிதத்தில் கேட்டிருக்கிறாய். நான் அலுவலகம் போன பேருந்தைப் பத்தொன்பது ஆண்டு ஓட்டியவர். அவர் வாடகைக்கு இருந்த மாடியை இடித்தபோது, 2022 நவம்பர் 6 அன்று நான்தான் அழைத்தேன். தையற்காரர், நம் தெருமுனையில் கடை வைத்திருந்தவரேதான். உன் பள்ளிச் சீருடையின் கால்சட்டையை ஆண்டுக்கு இருமுறை இறக்கிக் கொடுத்தவர். ஊரெல்லாம் கடையில் தைத்ததை வாங்கத் தொடங்கியதும் கடையை மூடிவிட்டு இங்கே வந்தார். அவரை ‘யாரோ ஒருவர்’ என்று எழுத உனக்கு எப்படிக் கை வந்தது?

இனி, உன்னை இவ்வளவு கொதிக்க வைத்த வீட்டுக்குள் நடந்த அந்த அறை மாற்றத்துக்கு வருகிறேன். அதற்கு ஓசியின் கதையைச் சொல்லியாக வேண்டும். இந்த ஆண்டு ஜனவரியில் செக்கிங் அதை மூலையில் தள்ளிக் கடிக்கத் தொடங்கியது. வால் கந்தலாகிவிட்டது. நான் பரிதாபப்பட்டு, ஓசியை எடுத்துத் தனியாக ஒரு சிறு தொட்டியில் விட்டேன். அங்கே அதற்கு எந்தக் குறையும் இல்லை. கடிப்பார் இல்லை, உப்பு அளவு சரி, வேளைக்கு உணவு. மூன்று வாரமும் அது ஒரு மூலையில், கண்ணாடியைப் பார்த்தபடி அசையாமல் நின்றது. வால் வளர்ந்தது. உணவை அரைகுறையாகத்தான் தொட்டது. திரும்பக் கொண்டுபோய்ப் பெரிய தொட்டியில் விட்டால், செக்கிங் மட்டுமல்ல, ஐந்தும் சேர்ந்து அந்நியனைத் துரத்துவதுபோல் துரத்தின. நான் இரக்கப்பட்டுப் பிரித்து வைத்ததால்தான் அது அந்நியனாகிப் போனது.

“அண்ணே, இது போச்சு, கடைக்கே குடுத்துடுங்க” என்றார் தையற்காரர். ‘எதுக்கும் இது என் இடம்னு ஒண்ணு இல்லையே’ என்று அந்தக் கடைக்காரர் சொன்னது அப்போது எனக்கு உறைத்தது. ஆறையும் பிடித்து ஒரு வாளியில் போட்டோம். தொட்டியிலிருந்த பாறைகள் அத்தனையையும் கலைத்து, இடத்தை இடமே அடையாளம் காணாதபடி மாற்றி அடுக்கினோம். செக்கிங் சிம்மாசனமாக வைத்திருந்த பொந்தைத் தலைகீழாகக் கவிழ்த்தோம். பிறகு ஆறையும் ஒன்றாக விட்டு, விளக்கை அணைத்துவிட்டோம். அவற்றுக்குத் தத்தம் மூலையைத் தேடவே நேரம் சரியாக இருந்தது. யார் முந்தி வந்தவர், யார் பிந்தி வந்தவர் என்ற கணக்கு ஒழிந்தது. இன்றைக்கும் ஆறு இருக்கின்றன. கடித்துக்கொள்கின்றன, துரத்திக்கொள்கின்றன, ஆனால் இருக்கின்றன.

மே 5-ஆம் தேதி உன் சித்தி இரண்டு பெட்டிகளுடன் வந்து இறங்கினாள். நாற்பது ஆண்டு மருத்துவமனைகளில் செவிலியாகப் பணியாற்றியவள். நோயாளியும் மருத்துவரும் அவளுக்கு ஒன்றுதான், இருவரையும் அதட்டுவாள். வந்த மறுநாளே ஓட்டுநரின் நாற்காலியில் உட்கார்ந்தாள். “ஏங்க டிரைவர், நாற்காலியில உங்க பேரு எழுதியிருக்கா?” என்றாள். “பேரு இல்லம்மா, என் முதுகு பதிஞ்சிருக்கு, தடவிப் பாருங்க” என்றார் அவர். சமையலறையில் உப்பு ஜாடி எங்கே இருக்க வேண்டும் என்பதில் தையற்காரருக்கும் அவளுக்கும் பேச்சு நின்றது. மே மாதம் முடிவதற்குள் அவள் பெட்டியை மறுபடி கட்ட ஆரம்பித்தாள். “நான் எங்க போனாலும் விருந்தாளிதான் அத்தான். விருந்தாளின்னா நாலு நாள்தானே அழகு” என்றாள். மகன் வீட்டிலிருந்து அவள் ஏன் வந்தாள் என்று நான் கேட்கவில்லை. அவள் சொன்ன தொனியிலேயே பதில் இருந்தது.

ஜூன் 2, ஞாயிற்றுக்கிழமை காலை, வீட்டைக் கலைத்தேன். கட்டில், மேசை, நாற்காலி, பாத்திர அலமாரி, யாவும் முற்றத்துக்கு வந்தன. 1983 முதல் நான் படுத்த அறையை உன் சித்திக்குக் கொடுத்தேன். உன் அறை தையற்காரருக்கும் அவருடைய மெஷினுக்கும் போயிற்று. வெளிச்சம் அங்கேதான் நன்றாக விழுகிறது. ஓட்டுநர் தெருப்பக்கத்து அறைக்குப் போனார். வண்டிச் சத்தம் கேட்டால்தான் அவருக்குத் தூக்கம் வருமாம். சாமான் அறையை வெள்ளையடித்து நான் எடுத்துக்கொண்டேன். நாற்காலிகளை ஒரே துணியால் மூடித் தைத்தார் தையற்காரர். எது யாருடையது என்று இப்போது எனக்கே தெரியாது. உப்பு ஜாடிக்கு மூவரும் சேர்ந்து ஒரு புது இடம் கண்டுபிடித்தார்கள். அது யாருக்கும் வசதியாக இல்லை, ஆகையால் யாருக்கும் புகாரும் இல்லை.

‘சாமான் அறையில் அப்பாவைப் படுக்க வைத்திருக்கிறார்கள்’ என்று உன் பெரியம்மா உனக்குச் சொல்லியிருக்கிறாள். யாரும் என்னைப் படுக்க வைக்கவில்லை. நானே படுக்கிறேன், நன்றாகத் தூங்குகிறேன். ‘அம்மாவின் அலமாரியைத் தொட யாருக்கு உரிமை’ என்று நீ கேட்டிருக்கிறாய். எனக்கு உண்டு. அந்த அலமாரி இருந்த இடத்திலேயே இருந்தவரை, இரண்டரை ஆண்டுக்கு மேல் ஒருமுறைகூட அதை நான் திறக்கவில்லை. நகர்த்துவதற்காகத்தான் திறந்தேன். அவளுடைய புடவைகளை உன் சித்தி உடுத்திக்கொள்கிறாள். நீலப் புடவையில் அவள் முதல்முறை கூடத்துக்கு வந்தபோது எனக்கு என்னவோ செய்தது என்பது உண்மை. செய்துவிட்டுப் போகட்டும். மடித்தே வைத்திருந்தால் பூச்சிதான் உடுத்தியிருக்கும்.

உறவினர் சிரிக்கிறார்கள் என்று எழுதியிருக்கிறாய். சிரிக்கட்டும். ‘வார்டன் இல்லாத முதியோர் இல்லம்’ என்று நம் வீட்டுக்குப் பெயர் வைத்திருக்கிறார்களாம். பெயர் எனக்குப் பிடித்திருக்கிறது. வாசலில் பலகை எழுதி மாட்டலாமா என்று ஓட்டுநர் கேட்கிறார். இந்த ஏற்பாடு என்றைக்கும் நிற்கும் என்று நான் உத்தரவாதம் கொடுக்க வரவில்லை. நாளைக்கே செக்கிங்குக்குப் பைத்தியம் பிடிக்கலாம். எங்களில் ஒருவர் கோபித்துக்கொண்டு போகலாம், அல்லது திரும்பி வர முடியாத இடத்துக்கே போகலாம். அப்படி நேர்ந்தால் எஞ்சியவர்கள் பாறைகளைக் கலைத்து அடுக்கிக்கொள்வார்கள். ஆனால் வேளைக்கு உணவும் சுத்தமான நீரும் உள்ள தனிமூலைக்கு என்னை அனுப்பலாம் என்று நினைக்காதே. அது எப்படி இருக்கும் என்று மூன்று வாரம் கண்ணால் பார்த்தவன் நான்.

தரகர் வந்தால் அவருக்குக் காபி கொடுத்து, மீன்களைக் காட்டி அனுப்பிவைப்போம். கையெழுத்துப் போட மாட்டேன். இதுகுறித்து இனி ஒரு கடிதம் வேண்டாம்.

வேறு ஒரு விஷயம். சென்ற சனிக்கிழமை, செப்டம்பர் 7 மாலை, என் மருமகள் தொலைபேசியில் பேசினாள். மீன்களைப் பற்றி வெகுநேரம் விசாரித்தாள். ஓசி எப்படி இருக்கிறது என்று கேட்டாள். உப்பு ஜாடிச் சண்டையைச் சொன்னபோது சிரித்தாள். பின்னால் அவளுடைய அம்மாவின் குரல் கேட்டது, சாப்பிடக் கூப்பிட்டாள். ஜூலையில் பேசியபோதும் அந்தக் குரல் கேட்டது. உன்னைப் பற்றி அவள் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. ‘நாங்கள் இருவரும் நலம்’ என்று நீ எழுதியிருக்கிறாய். அதை நான் அப்படியே ஏற்றுக்கொண்டு, அதைப் பற்றியும் கேட்கவில்லை. வேளைக்குச் சாப்பிடுகிறாயா என்று மட்டும் கேட்கிறேன். இதற்குப் பதில் எழுத வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

நீ வருவதில் எனக்கு மறுப்பே கிடையாது. தரகர் இல்லாமல் வா. ஒரு வாரமோ ஒரு வருடமோ, ஏன் வந்தாய் என்று இந்த வீட்டில் யாரும் யாரையும் கேட்பதில்லை. உன் சித்தி அதட்டுவாள். ஓட்டுநர் குறட்டை விடுவார். தையற்காரர் பார்த்தவுடன் இடுப்பளவு எடுத்துவிட்டு, இளைத்துவிட்டாய் என்பார்.

நேற்று, வெள்ளிக்கிழமை, ஒரு கட்டில் வந்து இறங்கியது. மூவரும் சேர்ந்து எனக்குச் சொல்லாமல் செய்யச் சொல்லியிருக்கிறார்கள். கூடத்தில், தொட்டிக்கு எதிரே போட்டிருக்கிறது. யாருக்கு என்று நான் விசாரித்தேன். “சும்மா இருக்கட்டும் சார்” என்றார் ஓட்டுநர். நான் அளந்து பார்த்தேன். ஆறேகால் அடி நீளம். எங்கள் நால்வரில் எவரும் ஐந்தரை அடியைத் தாண்டியவர் இல்லை.

உனக்கும், உன் மனம் இப்போது இருக்கிற இடத்துக்கும், என் முழு ஆசி.

எதற்கும் இணங்காத உன்
அப்பா