கடைசி டோக்கன்

மார்ச் 4

அன்புள்ள வாயாடித் தங்கைக்கு,

போன தடவை ஊருக்குத் திரும்ப பஸ் ஏறும்போது கேட்டாயே, "தொட்டுப் பாக்காம என் முட்டியைப் பத்தி ஒருத்தர் என்னண்ணா சொல்லிட முடியும்?" என்று. நான் வாயைத் திறப்பதற்குள் பஸ் கிளம்பிவிட்டது. இப்போது சொல்கிறேன்.

நான் கணக்கு வாத்தியாராக இருந்தபோது, கரும்பலகைக்கு வரும் பையன் சாக்பீஸைப் பிடிக்கும் விதத்திலேயே அவன் எங்கே தடுமாறப் போகிறான் என்று தெரிந்துவிடும். மூட்டு டாக்டருக்கும் அப்படித்தான். நீ எழுந்திருப்பதையும் நடப்பதையும் பார்த்தாலே அவருக்குப் பாதி விளங்கிவிடும். மீதியைக் கேட்டுத் தெரிந்துகொள்வார். உனக்குத்தான் பேச்சுக்குப் பஞ்சமில்லையே!

இனிமேல் நீ இந்த ஊருக்கு வராமல் போன் வீடியோவிலேயே பார்க்கலாம் என்று அவரே சொன்னார். இங்கே வந்து இறங்கும்போது உன் கால் மடங்கி, கண்டக்டர் தாங்கிப் பிடித்தாரே, அதை நான் இன்னும் மறக்கவில்லை. உன் மகனிடம் சொல்லி டாக்டரிடம் நாள் குறித்துக்கொள். உன் அண்ணி படுக்கையில் இருந்தபடியே உன்னை விசாரித்தாள்.

அன்புடன்,
அண்ணன்

மார்ச் 13

அன்புள்ள அண்ணாவுக்கு,

உங்கள் வாத்தியார் புத்தி போகவே போகாது. என் முட்டியையும் கரும்பலகையில் ஏற்றிவிட்டீர்கள்.

நான் போனைப் பிடித்தால் மோவாயும் மூக்கும்தான் தெரியும். டாக்டர் சளிக்கு மருந்து எழுதிவிடுவார். வலியும் ஓரிடத்தில் நிற்பதில்லை. அவர் கட்டை விரலால் அழுத்தினால்தான் "அங்கதான், அங்கதான்" என்று எனக்குக் கத்த வரும்.

என் மகனுக்கு மட்டும் ஒரே சந்தோஷம். "மாமா சொல்றதுதாம்மா சரி. வைத்தியத்துக்குன்னுதான் உன்னை பஸ் ஏத்தி விட்டேன். அதுவும் போன்லயே முடிஞ்சிடும்னா இந்தக் காலோட நீ எங்கயும் போக வேணாம்" என்கிறான்.

மருந்து தீர்ந்துவிட்டது. கொஞ்சம் வீக்கமும் இருக்கிறது. பரவாயில்லை, அடுத்த மாதம் நேரிலேயே வருகிறேன். உங்களோடு போனில் பேசினால், காது கேட்காமல் நீங்கள் "என்ன? என்ன?" என்பதைத் தவிர வேறு பேச்சு கிடையாது. அண்ணிக்கும் நான் தலை வாரிவிட்டால்தான் பிடிக்கும். வர வேண்டாம் என்று மட்டும் எழுதிவிடாதீர்கள்.

உங்கள்
தங்கை

மார்ச் 22

என் அருமைத் தங்கைக்கு,

உன் மருந்தை வாங்கி அனுப்பலாம் என்று ஆஸ்பத்திரிக்குப் போனேன். டோக்கன் கொடுக்கும் பெண் என் காதருகே வந்து சத்தமாகச் சொன்னாள்: "உங்க தங்கச்சி எப்பவும் கடைசி டோக்கன்தான் கேட்டு வாங்குவாங்க சார். முன்னாடி நம்பரைக் குடுத்தாலும் யார்கிட்டயாவது மாத்திக்குவாங்க. அவங்களால எங்களுக்குச் சாப்பாடே லேட்டு!"

சொல்லிவிட்டுச் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நாம் அந்த ஆஸ்பத்திரி பெஞ்சில் பேசிக்கொண்டு உட்கார்ந்திருந்த நேரமெல்லாம் கூட்டம் அதிகம் என்றுதானே நினைத்திருந்தேன்? வாய்விட்டுத் திட்டக்கூடச் செய்தேன். நீயும் தலையாட்டினாய்.

உனக்குப் போனைக் கண்டு பயமில்லை அம்மா, புரிந்துகொண்டேன். உன் அண்ணியை விட்டுவிட்டு நான் அங்கே வர வழியில்லை. நீயும் வராவிட்டால் நாம் ஒருவரை ஒருவர் பார்ப்பது ஏது? மருந்தை வாங்கிக்கொண்டு, அதே பெஞ்சில் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு வந்தேன்.

டாக்டரையும் கேட்டேன். "வீக்கத்தோட பஸ்ல அலைஞ்சா, வீட்டுக்குள்ள நடக்கறதும் போயிடும். முட்டியைப் பாக்கறதை அடுத்த மாசம் வரைக்கும் தள்ளவும் கூடாது" என்றார். என்னைப் பார்க்க இன்னொரு தடவை வந்துவிட்டு, அதன்பிறகு சமையலறைக்குப் போகவும் மகனைக் கூப்பிட்டுக்கொண்டு நீ நிற்பதை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. அதனால் நீ எழுதக் கூடாது என்றதையே எழுதுகிறேன். வராதே. இந்த ஒரு வார்த்தைக்காக இரண்டு தாளைக் கிழித்துப் போட்டேன்.

செவ்வாய்க்கிழமை காலை டாக்டர் போனில் கூப்பிடுவார். அதற்கு முன், இன்றைக்கே ஒரு தடவை செய்து பார்: போனை நாற்காலியில் சாய்த்து வை. இரண்டு முட்டியும் தெரிகிற வரை பின்னால் போ. சுவரைப் பிடிக்காமல், மெதுவாக, போனைப் பார்த்து நடந்து வா.

உன்
அண்ணன்