வாப்பாவின் கையும் இரண்டு முள்ளும்

காத்தான்குடி,
1946 மாசி மாதம்.

மதிப்புக்குரிய மச்சான் பதியுதீன் அவர்களுக்கு, உங்கள் மனைவியின் ஒரே தம்பியும் உங்களுடைய ஒரே தலையிடியுமான மஜீட் சலாம் சொல்லி எழுதுவது.

இங்கே உம்மா சுகம். உங்கள் வீட்டுக்காரி றம்லா ராத்தாவும் சுகம். உங்கள் பெயரைச் சொன்னால் மட்டும் அவவுக்குக் காது கேட்பதில்லை. வாப்பா சுகமென்று அவரே சொல்லிக்கொள்கிறார். நம்முடைய லோஞ்சி வள்ளமும் சுகம். அந்தக் கடைசிச் சுகத்தைப் பற்றித்தான் எழுத வந்தேன். ஆகையால் கிழித்துப் போடாமல் முழுவதும் வாசிக்கவும்.

நீங்கள் கோபித்துக்கொண்டு கொழும்புக்குக் கோச்சி வண்டி ஏறிய பிறகு, எரிந்துபோன பேரிங்கை மாற்றி எஞ்சினை ஒருவாறு ஓட வைத்தோம். இப்போது உங்கள் இடத்தில் நான்தான் எஞ்சின்காரன். சிரிக்க வேண்டாம். படுவான்கரை வயல் வட்டைகளில் அறுப்புத் தொடங்கிவிட்டது. நெல் மூட்டை ஏற்றி வாவியைக் கடக்கும் ஒவ்வொரு தடவையும் எஞ்சினின் இரைச்சலுக்கே காதைக் கொடுத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். இன்னொரு முறை நடுவாவியில் இறுகி நின்றால் இந்தக் கிழட்டு டீசல் எழும்பாது. பிறகு லோஞ்சியை விறகுக்குத்தான் கொடுக்க வேண்டும்.

ஆரையம்பதி நல்லரத்தினம் அண்ணன், சண்டைக் காலத்தில் படைக்காரரின் லொறிப் பட்டறையில் இருந்தவர், உடைந்த லொறியில் கழற்றிய இரண்டு கேஜ்களைக் கொண்டுவந்தார். ஒன்று தண்ணீரின் சூடு காட்டும், மற்றது எண்ணெயின் அழுத்தம் காட்டும். ஒவ்வொன்றுக்கும் ஒரு பித்தளைக் குமிழ். அதை எஞ்சினுக்குள் முறுக்கிவிட்டால் உள்ளே நடப்பதை வயர் வழியாக முள்ளுக்குச் சொல்லிவிடும். அண்ணன் அதைச் ‘சென்டர்’, அதாவது செய்தி அனுப்புகிறவன், என்றார். நான் ‘கோள்மூட்டி’ என்று பெயர் வைத்தேன். ராத்தாவுக்கும் ஒன்று பூட்டச் சொன்னேன், அவவுடைய அழுத்தத்தை எந்த முள்ளாலும் காட்ட முடியாதாம். உம்மா மட்டும், “ரெண்டு மணிக்கூடு என்னத்துக்குடா? ஒண்டும் ஓடவுமில்ல” என்றா.

வாப்பா திரும்பியும் பார்க்கவில்லை. “என்ட கை இரிக்கி. அதுக்கு மேல என்ன கேஜ்?” அவருடைய வழக்கம்தான் ஊரறிந்ததே. எஞ்சின் தலையில் உள்ளங்கையை வைத்து நபியின் பேரில் ஒரு ஸலவாத்து ஓதுவார். ஓதி முடியும்வரை கை பொறுத்தால் போகலாம். எஞ்சின் இறுகிய அன்றைக்கும் அப்படித்தான் கை வைத்துப் ‘போ’ என்றார். இறுகி நின்றதும் நெல்காரர் எல்லாருக்கும் முன்னால், நித்திரை கொண்டுவிட்டாய் என்று உங்களைத்தான் ஏசினார்.

எண்ணெய் ஓடும் வழியிலிருந்த அடைப்பு மூடியைக் கழற்றி, டவுனில் கடைந்தெடுத்த ஒரு பித்தளைத் துண்டை இடையில் வைத்து, முதல் கோள்மூட்டியைப் பூட்டினோம். மற்றதற்கு, எஞ்சின் தலையிலிருந்து சூடான தண்ணீர் வெளியேறும் வளைவில் துளையிட்டு மரை வெட்டினோம். ஒழுகக் கூடாதென்று தண்ணீர்க் குழாய்க்குச் செய்வதுபோலச் சணல் சுற்றி, வெள்ளை ஈயம் பூசி, நானே முறுக்கினேன். எஞ்சின் ஓடியது. சூட்டு முள் செத்துக் கிடந்தது.

“உன்ட கோள்மூட்டி வாயத் திறக்கல்லடா!” என்று வாப்பா சிரித்தார். நீங்கள் போன பிறகு அவர் சிரித்தது அன்றைக்குத்தான்.

அண்ணன் குனிந்து பார்த்துவிட்டுத் தலையில் கை வைத்தார். “தம்பி, இதுக்கு ஒரு வயர்தான். கரண்ட் திரும்புற மத்த வயர் எஞ்சினிட உடம்பு. நீ அந்த உடம்புக்குச் சணலால போர்வை போத்தி வெச்சிரிக்காய்.” சணலையெல்லாம் சுரண்டி எறிந்து, செம்பு வாசர் வளையம் ஒன்றை வைத்து இறுக்கினோம். முள் எழுந்து உட்கார்ந்தது.

இனித்தான் விஷயம். வெள்ளிக்கிழமை அண்ணனும் கூட வர, வெறும் லோஞ்சியோடு திரும்பும்போது சூட்டு முள் மெல்ல மெல்ல ஏறியது. எனக்குள் இருக்கும் ஷைத்தான் சும்மா இருப்பானா? தொப்பியைக் கழற்றிக் கேஜ்கள் இரண்டையும் மூடிவிட்டு, “வாப்பா, கை வெச்சுப் பாருங்களேன்” என்றேன். வைத்தார். ஓதினார். “ஒண்டுமில்ல மனே, போ” என்றார்.

தொப்பியைத் தூக்கினேன். சூட்டு முள் சிவப்புக் கோட்டில் நின்றது. எண்ணெய் முள் பாதிக்குக் கீழே விழுந்திருந்தது. அண்ணன் எஞ்சினைத் தொட்டுவிட்டு, “ஐயோ!” என்று கையை உதறினார். வாப்பா மறுகாவும் கை வைத்தார். மறுகாவும் ஓதினார். பொறுத்தது, மச்சான். கம்பு ஊன்றியும் கயிறு இழுத்தும் காய்த்துப்போன கை, அதற்குச் சூடே தெரியவில்லை. சொல்வதற்கு ஒரு பகிடி ஆயத்தமாக வைத்திருந்தேன். அதை விட்டுவிட்டு எஞ்சினை நிறுத்தினேன்.

வாவிக்குள் குதித்துச் சுழியோடிப் பார்த்தேன். எஞ்சினைக் குளிர்விக்கத் தண்ணீர் உறிஞ்சும் வாயில் பாசி அடைத்திருந்தது. நீங்கள் ஓட்டி எஞ்சின் இறுகிய அன்றைக்கும் நாம் இதே பாசிக்குள்ளால்தான் வந்தோம். பிடுங்கி வாப்பாவிடம் நீட்டினேன். சாரத்தில் தண்ணீர் சொட்டச் சொட்ட, கரை சேரும்வரை அதை எறியாமல் வைத்திருந்தார்.

அடுத்த நாள் படுவான்கரைத் துறையில் வயல்காரர் அழகரத்தினம் போடியார் மூட்டை ஏற்றிக்கொண்டே, “எங்க காணும் உங்கட மருமகன்?” என்று கேட்டார். வாப்பா துறை முழுக்கக் கேட்கும்படி உரத்துச் சொன்னார்: “அண்டைக்கு அவன் நித்திர கொள்ளல்ல போடியார். என்ட கைதான் நித்திர கொண்டது.”

போடியாரிடம் சொல்லிவிட்டார். உங்களிடம் சொல்ல அவருக்கு வழி தெரியவில்லை. ஆகையால் கோள்மூட்டி வேலையை நான் பார்க்கிறேன்.

ராத்தாவுக்கு மாதம் நெருங்குகிறது. பிறக்கிற பிள்ளையின் காதில் நீங்கள் பாங்கு சொல்ல வேண்டும். வராவிட்டால் நான்தான் சொல்வேன். என் குரல் உங்களுக்குத் தெரியும், பிள்ளை வந்த வழியே திரும்பிவிடும். அந்தப் பாவம் நமக்கு வேண்டாம்.

இதை மடிக்கப் போகும்போது வாப்பா வந்து நின்றார். யாருக்கு என்று கேட்கவில்லை. “அதில இடம் இரிக்கா?” என்றார். ஓம் என்றேன். “அப்ப, என்ட சலாத்தையும் எழுது” என்று சொல்லிவிட்டுத் துறைக்குப் போய்விட்டார்.

எழுதிவிட்டேன், மச்சான். மிச்ச இடத்தை அவருக்காக வெறுமையாகவே விடுகிறேன். அல்லாஹ் உங்களைச் சுகமாக நம் வீட்டு வாசலில் கொண்டுவந்து சேர்ப்பானாக.

உங்கள் மச்சினன்,
மஜீட்