ஷூவுக்குள் இருந்த மஞ்சள் பந்து

என்னைக் கண்டால் சுவரைப் பார்க்கும் அப்பாவுக்கு,

கடிதத்துக்கு உங்களால் முதுகு காட்ட முடியாது. அதனால்தான் எழுதுகிறேன்.

பக்கவாதம் வந்தவர்களுக்கு இப்படி மனச்சோர்வும் வருமாம். அதுவும் நோய்தான், மகள் மேல் கோபமில்லை என்று டாக்டர் சொன்னார். சரி, நம்பினேன். அப்புறம் கைக்குப் பயிற்சி கொடுக்க வரும் பிசியோ அக்காவிடம் மட்டும் எப்படிச் சிரிப்பு வருகிறது? "பந்தை நல்லா நசுக்குங்க சார், உங்க மேனேஜர் தலைன்னு நினைச்சுக்கோங்க" என்றதற்கு வாய் கோணச் சிரித்தீர்களே! அரதப் பழசு ஜோக் அது. எனக்கு வயிறு எரிந்தது.

நானும்தான் உங்கள் தலையணைக்கடியில் பிளாஸ்டிக் பல்லியை வைத்தேன். முன்பென்றால் "ஏய் வாலு!" என்று வீடு முழுக்கத் துரத்தியிருப்பீர்கள். இந்தமுறை பல்லியைக் கையில் வைத்துக்கொண்டு அழுதீர்கள். அன்றோடு சேட்டைக்கு நானே லீவு விட்டுவிட்டேன்.

இன்று காலை பள்ளிக்குக் கிளம்பும் அவசரத்தில் ஷூ மாட்டினால் கால் நுழையவில்லை. உள்ளே பிசியோ அக்காவின் மஞ்சள் பந்து. அதன்மேல் என் பல்லி ஜம்மென்று உட்கார்ந்திருந்தது.

அம்மாவை விசாரித்தேன். "உங்கப்பா வேலைதான்டி. ஷூவைக் கட்டிலுக்குக் கொண்டுவரச் சொல்லி, வராத கையாலதான் வைப்பேன்னு என்னைக் கிட்டவே விடல" என்று போட்டுக்கொடுத்துவிட்டாள்.

பள்ளிக்குத் தாமதம். திட்டு வாங்கும்போதும் பல்லைக் காட்டிக்கொண்டே நின்றேன்.

பிசியோ அக்கா பந்தைக் கேட்டால் தெரியாது என்று சொல்லிவிடுங்கள். அதைத் தருவதாக இல்லை. வேண்டுமென்றால் எழுந்துவந்து துரத்திப் பிடுங்கிக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
மெதுவாகத்தான் ஓடப்போகிற
உங்கள் வாலு