தட்டில் வைத்த சந்தனப் பொட்டு

லோறென்ஸ்கூக்,
04.10.2006

அன்பு மகள் கோபிகாவுக்கு,

கோணேசர் துணையால் நீ அங்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்கவேண்டும் என்று நினைத்துக்கொண்டு அம்மா எழுதுவது. இங்கு நாங்கள் இருவரும் சுகம் என்றுதான் எழுதவேண்டும், ஆனால் எனக்கு இப்போது பொய் எழுதவும் அலுப்பாக இருக்கிறது, பாதிச் சுகம் என்று வைத்துக்கொள். தொலைபேசியில் ஏன் சொல்லவில்லை என்று கேட்பாய். நீ எடுக்கும் நேரமெல்லாம் அப்பா பக்கத்திலேயே இருக்கிறார், எதைச் சொல்வது. ஹம்மர்ஃபெஸ்டில் குளிர் தொடங்கியிருக்கும், ஆஸ்பத்திரிக்கு நடந்து போகும்போது காதை மூடிக்கொண்டு போ. என் முழங்கால் அப்படியேதான், முதியோர் இல்லத்தில் ஒரு மாடியைத் துடைத்து முடிப்பதற்குள் இரண்டு தரம் இருந்து எழும்புகிறேன்.

அப்பா புது மெசின் வாங்கிய கதையை அவரே உனக்குப் பெருமையாகச் சொல்லியிருப்பார். அவரோடு பஸ் ஓட்டும் ஸ்வைன் எல்க் மான் வேட்டைக்குக் கூட்டிப்போன நாளிலிருந்து, பன்னிரண்டு வருடமாகத் தன் தோட்டாவுக்குத் தானே கீழறையில் இருந்து வெடிமருந்து நிறுத்து நிரப்புகிற மனிதர். சின்னக் கரண்டியும் பழைய தராசும் போதும் என்று இருந்தவர், இந்தக் கோடையில் திடீரென்று மின்சாரத்தில் வேலைசெய்வது ஒன்று வேண்டும் என்றார். அளவை அழுத்திவிட்டால் அதுவே மருந்தைத் தட்டில் கொட்டி, நிறை சரிவந்ததும் நின்றுவிடுமாம். மூன்று சனிக்கிழமை என்னையும் இழுத்துக்கொண்டு துவக்குக் கடைக்குப் போனார். ஒன்று வேகமானது, ஆனால் இலக்கம் எறும்பு மாதிரி, தட்டும் சின்னது. மற்றது ஆறுதலாகத்தான் கொட்டும், இலக்கம் பெரிது, தட்டும் அகலம். ஸ்வைன் வேகமானதைத்தான் வாங்கச் சொன்னாராம். அப்பா இரண்டின் தட்டையும் எடுத்து எடுத்து வைத்துப் பார்த்துவிட்டு அகலமானதை வாங்கினார். ஏன் என்று எனக்கு அங்கேயே விளங்கியது. அவருக்கு வலது கை நடுங்குகிறது மகள். கரண்டியால் மருந்தைச் சிந்தாமல் போட முடியவில்லை, அதற்குத்தான் இந்த மெசின். கேட்டால் குளிர் என்கிறார், யூலை மாதத்திலும் குளிர். வேலை செய்யும் இடத்தில் இப்படியான கைகளை நான் எத்தனை பார்த்திருக்கிறேன், எனக்குத் தெரியாதா.

ஞாயிற்றுக்கிழமை சரஸ்வதி பூசைக்கு என் தையல் மெசின், கார்த் திறப்பு, உன் பழைய புத்தகங்கள் எல்லாவற்றோடும் அதையும் வைத்தேன். மருந்து இல்லாத வெறும் மெசின்தான், விளக்குக்குப் பக்கத்தில் மருந்து வைக்க எனக்கென்ன விசரா. எல்லாவற்றுக்கும் சந்தனப் பொட்டு வைத்த கையோடு அதன் தட்டுக்கும் வெளிப்பக்கத்தில் ஒன்று வைத்துவிட்டேன். விஜயதசமி அன்று அப்பா அதைக் கீழே கொண்டுபோனார். பூசையில் வைத்த பொட்டை அழிக்க மனமில்லாமல், பொட்டோடேயே தட்டை வைத்து மெசினைப் பூச்சியத்தில் நிறுத்தியிருக்கிறார். புனலைப் பிடிக்க நான் வேண்டும், அதனால் நானும் பக்கத்தில் இருந்தேன். முதல் தோட்டாவுக்கே மருந்தை ஊற்றும்போது கை ஆடித் தட்டு புனலில் இடிபட்டது. வெறும் தட்டைத் திருப்பி வைத்தால் இலக்கத்துக்கு முன்னால் ஒரு கழித்தல் கோடு. சொன்னேன். மெசின் பிழை விடாது, உமக்கு இது விளங்காது என்றார், நானும் அடுத்த தோட்டாவுக்குப் புனலைப் பிடித்தேன். ஒன்பது தோட்டா நிரப்பிய பிறகுதான் மேசையில் மஞ்சளாக ஒரு செதில் கிடந்ததைக் கண்டேன். காய்ந்த பொட்டு. அது விழுந்ததால் தட்டின் நிறை குறைந்திருக்கிறது, மெசின் அந்தக் குறையையும் மருந்தாலேயே நிரப்பியிருக்கிறது. படிக்கல்லைத் தட்டில் வைத்தால் நிறையைக் குறைத்துக் காட்டியது, அப்பாவின் முகத்தில் இரத்தமில்லை. அவ்வளவு கூடுதலே போதுமாம், துவக்கு முகத்துக்கு முன்னாலேயே வெடித்துவிடுமாம்.

ஒன்பதையும் ஒவ்வொன்றாகக் கழற்றிக் கொட்டினார். நான்தான் பொட்டு வைத்தேன், என்னை ஏசுவார் என்று பார்த்தேன், ஏசவில்லை. கடைசியில், "எனக்குக் கை சரியில்லை, பவளம். டொக்டரிட்டைப் போனா பஸ்ஸையும் பறிப்பாங்கள், துவக்கையும் பறிப்பாங்கள். பிறகு நான் ஆர்?" என்றார். நாளைக்கு வேட்டை தொடங்குகிறது, காய்ச்சல் என்று ஸ்வைனுக்குச் சொல்லிவிட்டார். ஆனால் திங்கட்கிழமை பஸ் ஓடப் போவார். பள்ளிக்கூடப் பிள்ளைகள் ஏறுகிற பஸ். இதைத் தெரிந்துகொண்டு அவருக்குச் சாப்பாடு கட்டிக் கொடுக்கிறேனே, அதுதான், மகள், என்னைத் தின்கிறது. இனி என்னால் மறைக்க முடியாது, களைத்துவிட்டேன்.

தீபாவளிவரை பார்த்துக்கொண்டிராதே, கடிதம் கண்டதும் இரண்டு நாள் லீவு எடுத்துக்கொண்டு வா. டொக்டரிடம் நீ கூட்டிப்போனால் வருவார், என் சொல் எடுபடாது. அதுவரை தொலைபேசியில் கையைப் பற்றி ஒன்றும் கேட்காதே, மெசினைப் பற்றிக் கேள், சந்தோசமாகக் கதைப்பார். இரவுவேலை முடிந்து வந்தால் சாப்பிட்டுவிட்டுப் படு, வெறும் கோப்பியோடு படுக்காதே. நான் எழுதியது அவருக்குத் தெரியவேண்டாம். வந்ததும் அப்பாவிடம் ஒரு தேத்தண்ணி போட்டுத் தரச் சொல்லு. குசினியிலிருந்து உன்னிடம் அரைக் கோப்பைதான் வந்து சேரும். அதைக் குடித்துவிட்டு, நீயாகக் கண்டதாகவே கேள்.

எல்லா நலமும் பெற்று நீ நீடூழி வாழவேண்டும்.

உன் அம்மா,
கு. பவளம்