நாற்பத்தேழாவது பெயர்

கொடைக்கானல்
10.11.2009, செவ்வாய்

அன்பு மகள் ரம்யாவுக்கு அப்பா எழுதிக்கொள்வது. டில்லிக் குளிரில் நீயும் மாப்பிள்ளையும் உடம்பைப் பார்த்துக்கொண்டு நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். எனக்கு ஒரு குறையும் இல்லை, இருமல்கூட மட்டுப்பட்டுவிட்டது. ஒரு வாரமாக மழை, மேகம் ஜன்னல் வரை வந்து நிற்கிறது. பால் ஊற்ற வரும் அன்னக்கொடி, “ரேடியோவ அமத்திப்புட்டு ரெண்டு வார்த்த பேசுங்க சார், ஒங்க கொரலே மறந்துபோச்சு” என்றாள். பேசினேன். அவள் போனபிறகு மறுநாள் பால் வரும்வரை வேறு யாரும் இல்லை, மறுபடி ரேடியோதான்.

ஞாயிற்றுக்கிழமை நீ வீட்டுப் போனில் என்னப்பா விசேஷம் என்று கேட்டபோது மழையளவைச் சொல்லிவிட்டு வைத்துவிட்டேன். சொல்ல வேண்டியது வேறு, நாக்கு எழவில்லை. ஆகஸ்டில் நான் அனுப்பிய ஊர்ப்பெயர்ப் பட்டியலில் நாற்பத்தேழாவது தவறு. யார் வேண்டுமானாலும் பார்க்கலாம், திருத்தலாம் என்று சொல்லி நீ அதை ஏற்றிய அந்த இன்டர்நெட் பொது வரைபடத்தில் அது இன்னமும் இருக்கிறது. நடந்ததை ஒழுங்காகச் சொல்லிவிடுகிறேன். ஒரு இடத்துக்கு மூன்று பேரைக் கேட்பது, இரண்டு பேர் சொல்வதை எழுதுவது என்று நானாக ஒரு விதி வைத்திருந்தேன். அடுக்கம் போகிற வழியில், ரோட்டிலிருந்து பள்ளத்தில் இறங்கினால், இலங்கைத் தேயிலைத் தோட்டங்களிலிருந்து திரும்பி வந்த குடும்பங்களின் ஊர் ஒன்று இருக்கிறது. ரோட்டோர டீக்கடையிலேயே மூன்று பேரைக் கேட்டேன். ஒருவர் சிலோன் காலனி என்றார், இரண்டு பேர் அகதி கேம்ப் என்றார்கள். விதிப்படி எழுதிக்கொண்டேன். பாதை வழுக்கும் என்று சாக்குச் சொல்லிக்கொண்டு கீழே இறங்கவே இல்லை. உண்மையில், தெரியாத வாசலில் நின்று கூப்பிட எனக்குக் கூச்சம், நீ அறிந்ததுதான். ஆனால் ஊர் தெரிகிற திருப்பத்தில் நின்று, நீ வாங்கிக் கொடுத்த செல்போனில் ஆறு சாட்டிலைட் கிடைக்கும்வரை காத்திருந்து, அட்சரேகை தீர்க்கரேகையை மட்டும் பத்துப் பத்து நிமிடம் விட்டு மூன்று முறை எடுத்தேன். முப்பது வருடம் மழைமானி பார்த்து எழுதியவன், எண்ணில்தான் பிழை வரும் என்று நினைத்துவிட்டேன்.

போன சனிக்கிழமை அந்த ஊரிலிருந்து வீரம்மா என்கிற அம்மாவும் அவர் அண்ணன் சுந்தரராஜும் நனைந்துகொண்டே நம் வீட்டுக்கு வந்தார்கள். வீரம்மாவின் மகள் மேனகா கோயம்புத்தூரில் நர்ஸிங் படிக்கிறாள். ஹாஸ்டல் பெண்கள் கம்ப்யூட்டரில் அவரவர் ஊரைத் தேடிப் பார்த்தபோது இவள் ஊர் இருக்கும் இடத்தில் நான் எழுதியது இருந்திருக்கிறது. “ரேசன் கார்டாவது இருக்காடி ஒனக்கு” என்று ஒருத்தி சிரித்தாளாம். பரீட்சை என்று பொய் சொல்லி அவள் தீபாவளிக்கு வரவில்லை. “நாங்க பாஸ்போட்டு எடுத்து, சட்டப்படி கப்பலேறி வந்த சனம்ங்க. எங்க தாத்தா இந்த மண்ணுல இருந்துதான் தோட்டத்துக்குப் போனாரு. அகதின்னா கேவலம்னு சொல்லல, நாங்க அது இல்ல. இப்ப எம்புள்ள, யாரும் கேட்டா ஊரு பழனின்னு சொல்லிக்கிறேன், நீ இங்க வராதம்மான்னு சொல்லுது” என்றார் வீரம்மா. அழவில்லை, அதுதான் எனக்குத் தாங்கவில்லை. சுந்தரராஜ், “செல்போன வானத்துக்குக் காட்டிக்கிட்டு நின்ன பெரியவர் யாருன்னு டீக்கடையில கேட்டோம். எங்க பேரத்தான் தப்பாச் சொன்னாங்க, ஒங்க பேர சரியாத்தான் சொன்னாங்க” என்றார். அவர்கள் போனதும் செல்போனை டப்பாவில் வைத்து, உனக்கே திருப்பி அனுப்பிவிடலாம் என்று கட்டிவைத்தேன். இரண்டு நாள் அது மேஜைமேல் கிடந்தது.

நேற்று அந்த டப்பாவைப் பிரித்து, செல்போனை எடுத்துக்கொண்டு அந்த ஊருக்குப் போனேன். பள்ளத்தில் இறங்கும்போது ஒருமுறை வழுக்கியது, காயமில்லை, பயப்படாதே. முதல் வாசலில் கூப்பிடக் கால்மணி நேரம் ஆயிற்று. மூன்று பேர் விதியை விட்டுவிட்டு, ஒவ்வொரு வீட்டிலும் கேட்டேன். எல்லாரும் ஒரே பெயர்தான் சொன்னார்கள், முப்பது வீடு. எழுபத்து நான்கில் முப்பது குடும்பங்கள் வந்து குடியேறினவாம். “இப்ப அம்பத்திரண்டு ஐயா, ஆனா பேர மாத்தல. இவங்களுக்கு எண்ணத் தெரியாதுன்னு அதையும் எழுதிப்புடாதீங்க” என்று சுந்தரராஜ் சொல்ல, எல்லாரும் சிரித்தார்கள், நானும் சிரித்துவிட்டேன். வீரம்மா இஞ்சி போட்டுப் பால் இல்லாத் தேத்தண்ணி கொடுத்தார். நோட்டைப் புரட்டிப் பார்த்தேன், இப்படி டீக்கடையோடு திரும்பியது இன்னும் பதினொரு பெயர் இருக்கிறது. மழை விட்டதும் ஒவ்வொன்றாகப் போகிறேன்.

இந்தக் கடிதத்தை ஸ்பீடு போஸ்டில் போடுகிறேன், வெள்ளிக்குள் கிடைத்துவிடும். கிடைத்த உடனே நாற்பத்தேழை முப்பது வீடு என்று மாற்று. பழைய பெயர் எங்காவது பதிவில் தங்குமா என்று எனக்குத் தெரியவில்லை, தங்கினால் அது என் பிழை என்றும் அதிலேயே எழுது. மேனகாவின் ஹாஸ்டல் நம்பரைப் பின்பக்கம் குறித்திருக்கிறேன். ஏற்றியது நீ என்பதால் மாற்றிவிட்டதை நீயே அவளிடம் சொல்வதுதான் சரி. தெரியாமல் நடந்தது என்று எனக்காகப் பேசாதே, கேட்காமல் நடந்தது என்றே சொல். அவள் கோபப்பட்டால் கேட்டுக்கொள், அவசரமாக வைக்காதே.

நீங்கள் இருவரும் நோய்நொடியில்லாமல் நீண்ட காலம் மன நிறைவோடு வாழ என் ஆசீர்வாதம். மாப்பிள்ளையை வெளியே போகும்போது காதை மூடிக்கொள்ளச் சொல். மறந்துவிடாதே, ஞாயிறு காலை பத்து மணிக்கு என்னோடு பேசுவாயே, அந்த நேரத்தை இந்த வாரம் மேனகாவுக்குக் கொடு. பத்து மணிக்குப் போன் வரும் என்று வீரம்மா அவளிடம் சொல்லிவைத்திருக்கிறார். எனக்கு அடுத்த ஞாயிறு போதும்.

உன் அப்பா,
பொன்னுவேல்