பாதியில் நிறுத்திய லத்தீன் சொல்

என் அன்பு மாமா அருளப்பனுக்கு,

கல்லறைத் திருநாளன்று அக்கா உங்கள் கல்லறையைக் கழுவி, சாமந்தி மாலை போட்டு, மெழுகுவத்தி ஏற்றிவிட்டு வந்தாள். மழையில் ஒன்றுகூட நின்று எரியவில்லை என்று அழுதாள். நான் வரவில்லை. அன்று வெள்ளிக்கிழமை. கடையைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இன்றும் வெள்ளிக்கிழமை, இன்றும் அப்படித்தான் உட்கார்ந்திருக்கிறேன். ஏன் என்று உங்களிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வேன்?

செங்கம் ரோட்டில் நம் டாட்டூ கடை அதே இடத்தில்தான் இருக்கிறது. தீபம் நெருங்குகிறது, தெருவெல்லாம் பந்தல்கால் நடுகிறார்கள். கண்ணாடிக் கதவுக்குப் பக்கத்தில் உங்கள் நாற்காலியும் அப்படியே கிடக்கிறது. சாமியாராவதற்குக் குருமடத்தில் ஏழு வருஷம் படித்த லத்தீனை நீங்கள் டீ குடித்துக்கொண்டே எனக்குக் கொட்டிக் கொடுத்த நாற்காலி. என் கடைக்கு வந்தவர்களில் பாதிப் பேர் சாதித்ததைச் சொல்லும் சொல்லைத்தான் கேட்டார்கள். நீங்கள் சரி என்று சொன்ன பிறகுதான் நான் ஊசியைத் தொடுவேன்.

தோளில் 'விச்சி' என்று குத்தச் சொன்ன வெள்ளைக்காரனிடம், ஜெயித்தேன் என்று அர்த்தம், யாரை ஜெயித்தாய் என்று கேட்டீர்கள். சிகரெட்டை விட்டுவிட்டேன் என்றான். அப்படியானால் பெரிய எழுத்தாகவே குத்தச் சொன்னீர்கள். 'எமெரித்துஸ்' கேட்டு வந்த பேங்க் மேனேஜரிடம், அது முதலில் பட்டாளத்தில் முழுக் காலமும் உழைத்து விடுதலையான சிப்பாய்க்கு உண்டான பெயர் என்றீர்கள். மனுஷன் அங்கேயே நெஞ்சை நிமிர்த்திக்கொண்டார். 'ஃபேச்சித்' என்றால் 'செய்தார்', பழைய சிற்பிகள் தங்கள் பெயருக்குப் பின்னால் அதைப் பொறிப்பார்கள் என்று சொல்லி, நான் குத்தும் ஒவ்வொன்றுக்கும் அடியில் 'குமார் ஃபேச்சித்' என்று போட்டுக்கொள்ளச் சொல்லிக் கிண்டல் செய்வீர்கள். 'பெர்ஃபெக்துஸ்' கேட்ட காலேஜ் பையனை மட்டும் திருப்பி அனுப்பிவிட்டீர்கள்.

"ஒரு குறையும் இல்லாம முடிஞ்சுபோனதுக்குத்தான் அந்த வார்த்தை. உயிரோட இருக்கறவன் எவனும் அதுக்கு லாயக்கு இல்ல, மச்சான்."

அப்போது நான் சிரித்தேன். 

ரோமாபுரியில் ஒருவன் செத்துவிட்டான் என்று வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள், 'வீக்ஸித்', வாழ்ந்துவிட்டார் என்பார்கள் என்று ஒரு நாள் சொன்னீர்கள். அக்கா உடனே, நம் வீட்டில் விளக்கை அணை என்றா சொல்கிறோம், குளிர வை என்றுதானே சொல்கிறோம் என்றாள். பஸ் ஸ்டாண்டு சுவரில் ஒட்டும் கண்ணீர் அஞ்சலி போஸ்டர்களைப் பற்றிப் பேச்சு போனது. இயற்கை எய்தினார், சிவபதம் அடைந்தார், இறைவனடி சேர்ந்தார். உலகத்திலேயே பெரிய சாதனை சாவதுதான் போலிருக்கிறது என்றீர்கள். முக்தி தேடி ஊர் ஊராக ஆட்கள் வந்து இறங்குகிற இடத்தில் அந்தப் பேச்சு யாருக்கும் உறைக்கவில்லை.

நீங்களோ எதையும் முடிக்காத மனுஷன். குருமடத்தைப் பாதியில் விட்டீர்கள், அக்காவைக் கட்டினீர்கள், பி.எட். பாதியில் நின்றது, மாடிப்படி இன்னும் கைப்பிடி இல்லாமல்தான் இருக்கிறது. யார் கேட்டாலும் 'நோன்தும்' என்பீர்கள். இன்னும் இல்லை என்று அர்த்தம். கடைசியாக ஆஸ்பத்திரியில் நர்ஸம்மா கஞ்சிக் கிண்ணத்தை எடுக்க வந்து முடித்துவிட்டீர்களா என்று கேட்டபோதும் அதையே சொன்னீர்கள். அவருக்கு ஒன்றும் புரியவில்லை. எனக்கும் அக்காவுக்கும் புரிந்தது, வெளியே போய் அழுதோம்.

போன மாதம் ஒரு பெண் கடைக்கு வந்தாள், மாமா. பெயரை எழுத மாட்டேன். அடி அண்ணாமலைக்காரி, பக்கத்து கெஸ்ட் ஹவுஸில் வரவேற்பில் வேலை. அப்பா இல்லை, படுத்த படுக்கையாக இருந்த அம்மாவைப் பார்த்துக்கொண்டு, தங்கையைப் படிக்கவைத்துக் கல்யாணமும் செய்து கொடுத்தவள். அம்மா ஆவணியில் போய்ச் சேர்ந்துவிட்டார். பொம்பளையாய் இருந்து சாதித்துவிட்டாள் என்று ஊரே சொல்கிறதாம். கையில் ஒரு சொல் குத்த வேண்டும் என்று போனைக் காட்டினாள். 'தெஃபுங்க்தா'. கடமையை முடித்தவள் என்று அர்த்தமாம்.

கேட்க நீங்கள் இல்லை. எங்கேயோ கேட்ட சொல்லாகத்தான் இருந்தது, ஆனால் நினைவுக்கு வரவில்லை. போனிலும் அர்த்தம் சரியாகவே போட்டிருந்தது. ஆரம்பித்தேன். எட்டு இங்கிலீஷ் எழுத்தில் ஐந்து முடிந்ததும் வழக்கம் போல, இரண்டு வாரத்துக்கு வெயில் படாமல் பார்த்துக்கொள்ள வேண்டும், தேங்காய் எண்ணெய் தடவ வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

"அதெல்லாம் தேவைப்படாதுண்ணா" என்றாள். சாதாரணமாகத்தான் சொன்னாள்.

அப்போதுதான் எனக்கு ஞாபகம் வந்தது. உங்கள் அடக்கத்தன்று பங்குச் சாமியார் உங்கள் பெயரை எழுதிய தடிப் புத்தகத்தின் அட்டையில் அந்தச் சொல்தான், 'தெஃபுங்க்தோரும்' என்று வேறு வாலோடு இருந்தது. வாழ வேண்டியதை வாழ்ந்து முடித்தவர்கள் என்று செத்தவர்களை அப்படி மரியாதையாகச் சொல்வார்கள் என்று நீங்களே எப்போதோ சொன்னதுதான்.  மெஷினை நிறுத்தி, ஊசி சரியில்லை என்று சொல்லிவிட்டு, மாடியிலிருந்த அக்காவைக் கூப்பிட்டேன்.

அக்காவைப் பற்றித்தான் உங்களுக்குத் தெரியுமே, சுற்றி வளைக்க மாட்டாள். அந்த வார்த்தையைக் கல்லறையில்தான் போடுவார்கள், உனக்குத் தெரியுமா என்று நேராகவே கேட்டாள்.

"தெரியும்க்கா. தெரிஞ்சுதான் கேட்டேன். அம்மாவ அனுப்பிட்டேன், தங்கச்சியும் நல்லா இருக்கா. இனிமே நான் செய்யறதுக்கு ஒண்ணும் இல்ல."

வண்டியைத் தங்கைக்குக் கொடுத்துவிட்டாளாம். வளர்த்த கோழிகளைக்கூடப் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துவிட்டாளாம். அதையெல்லாம் ஏதோ வீடு பெருக்கியதைச் சொல்கிற மாதிரி சொன்னாள். எனக்கு அவள் மேல் கோபம்கூட வந்தது, மாமா. அவளைச் சாதனைக்காரி என்று புகழ்ந்தவர்களில் ஒருத்தராவது, இனி என்னம்மா செய்யப்போகிறாய் என்று கேட்டிருக்கக் கூடாதா?

அக்கா அன்று அவளை அனுப்பவே இல்லை. சாப்பிடவைத்து, ராத்திரி தன் பக்கத்திலேயே படுக்கவைத்து, மறுநாள் பெரியாஸ்பத்திரியில் மனநல டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனாள். வேண்டாம் வேண்டாம் என்று அவள் கெஞ்சியும் தங்கைக்குப் போன் போட்டுச் சொல்லிவிட்டாள். மாத்திரை சாப்பிடுகிறாள். தங்கை வந்து துணைக்குப் படுத்துக்கொள்கிறாள். ஆனால் வெள்ளிக்கிழமை ஆனால் வேலை முடிந்து நேராக இங்கே வந்துவிடுவாள், மீதியைக் குத்தச் சொல்லி. தோல் இன்னும் ஆறவில்லை என்பேன். கரண்ட் சரியில்லை என்பேன். நான் சொல்வது பொய் என்று அவளுக்குத் தெரியும். இருந்தும் டீ குடித்துவிட்டுப் போவாள். அந்தச் சொல் பாதியில் நிற்கிற வரைக்கும் அவள் வருவாள் என்ற ஒரே தைரியத்தில் நான் வெள்ளிக்கிழமையில் கடையைப் பூட்டுவதில்லை.

இன்று அவள் வரவில்லை. போன் அணைத்து வைக்கப்பட்டிருக்கிறது. கெஸ்ட் ஹவுஸில் கேட்டால், காலையிலேயே வேலையை விட்டு நின்றுவிட்டாள் என்கிறார்கள். நான் வண்டிச் சாவியை எடுத்தேன், அக்கா பிடுங்கிக்கொண்டாள். "நீ இங்கயே இரு. அவ வந்து பாக்கறப்ப கடை பூட்டியிருந்துச்சுன்னா திரும்பிப் போயிடுவா" என்று சொல்லிவிட்டு அடி அண்ணாமலைக்குக் கிளம்பிப் போனாள். மலை தெரியாத அளவுக்கு மழை. இப்போதுதான் அக்கா போன் செய்தாள். வீடு பூட்டியிருக்கிறதாம், தங்கை வீட்டுக்கும் போகவில்லையாம். சும்மா இருக்க முடியாமல்தான் உங்களுக்கு எழுதிக்கொண்டிருக்கிறேன். இந்த மழையில் அவள் எங்கே போயிருப்பாள், மாமா?

மறுபடியும் எழுதுகிறேன். வந்துவிட்டாள். தொப்பலாக நனைந்து வந்து, உங்கள் நாற்காலியில் உட்கார்ந்து, கையை நீட்டினாள். எங்கே போயிருந்தாய் என்று நான் கேட்கவில்லை.  அக்காவுக்குப் போன் செய்தேன், வந்துகொண்டிருக்கிறாள். துண்டைக் கொடுத்தேன், துடைத்துக்கொள்ளாமல் மடியில் வைத்திருக்கிறாள்.

"எப்பதாண்ணா முடிப்பீங்க?"

இந்தத் தடவை எனக்குப் பொய் வரவில்லை.

"நான் முடிக்க மாட்டேம்மா. நீ பாட்டுக்கு வாரா வாரம் வந்து கேளு. நானும் வாரா வாரம் மாட்டேன்னு சொல்றேன்."

அவள் சிரிக்கவில்லை. எழுந்து போகவும் இல்லை. என்ன எழுதுகிறீர்கள் என்று கேட்டாள். மாமாவுக்கு என்றேன்.

மீதி மூன்று எழுத்து என் ஊசியில் வராது, மாமா, இது சத்தியம். வேறு கடைக்குப் போனால் என்ன செய்வேன் என்று தெரியவில்லை. அடுத்த வெள்ளியை நினைத்தால் பயமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் கதவைத் திறந்து வைத்திருப்பேன். நீங்கள் எனக்காக ஒன்று செய்யுங்கள். அங்கே யாராவது அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால், அவள் வாய் திறப்பதற்கு முன்னால் நீங்கள் முந்திக்கொண்டு, 'நோன்தும்' என்று சொல்லிவிடுங்கள்.

உங்கள் சாந்தியின் தம்பி,
உங்கள் மச்சான் குமார்