கன்னிப் படையலில் ஒரு பேய்க்கதை

என் ஆசைச் சண்டைக்காரி வசந்தாவுக்கு,

நீ போன பிறகு வாரப் பத்திரிகையில் புதுத் தொடர்கதை தொடங்கியிருக்கிறது. ஒரு யட்சி, தபால்காரர் ஒருவரைக் காதலிக்கிறாள். நீ இருந்திருந்தால் முதல் வாரமே தீர்ப்புச் சொல்லியிருப்பாய். "எழுதி வச்சிக்கடி செல்வி, கடைசி வாரம் இவளையும் புளிய மரத்துல ஆணி அடிச்சிடுவானுங்க."

இதை ஊரும் படிக்கட்டும் என்றுதான் எழுதுகிறேன். அதனால் உனக்குத் தெரிந்ததையும் சொல்கிறேன், பொறுத்துக்கொள். நீ என் அத்தை மகள். குன்னத்தில் அடுத்தடுத்த தெரு, ஒரே பத்தாம் வகுப்பு. வாராவாரம் தொடர்கதைப் பக்கங்களைக் கிழித்துச் சேர்த்து, சாக்கு ஊசியால் தைத்து, பழைய காலண்டர் அட்டையை மேலே ஒட்டிப் புத்தகமாக்குவோம். உனக்குப் பேய்க் காதல். எனக்கு நாகலோகம், அசுரர் மகள்கள், சாபம் பெற்ற கந்தர்வர்கள்.

என் நாக இளவரசனை நீ எவ்வளவு கேலி செய்தாய்! "பாம்பு பருத்திக் காட்டுல வந்தா கம்பத் தேடுற, புத்தகத்துல வந்தா மாலையத் தேடுறியேடி!"

நம் பெரிய சண்டை அந்தக் கிணற்றுப் பேயைப் பற்றியது. கிணற்றில் தள்ளிக் கொல்லப்பட்டவள், தூர்வார வந்தவனை விரும்பினாள். கடைசி வாரம் மந்திரவாதி வந்து அவளை விரட்டிவிட்டான். செத்தவள் போவதுதான் நியாயம் என்றேன் நான். நீ பத்திரிகையைச் சுருட்டி என் தலையில் அடித்தாய். "தள்ளுனவன் ஜம்முனு திரியிறான். வெரட்டுறது மட்டும் இவளையா? போறியா இருக்கியான்னு அவளை ஒருத்தனாச்சும் கேட்டானா?"

இரண்டு பேருடைய கருத்தையும் ஒரே தபால் அட்டையில் எழுதி வாசகர் பகுதிக்கு அனுப்பினோம். அவர்கள் போடவில்லை. "அருமை, அற்புதம்" என்று எழுதியவர்களைத்தான் போட்டார்கள்.

வைகாசியில் உனக்குக் காய்ச்சல் வந்தது. சாப்பாடு இறங்கவில்லை. சுவரைப் பார்த்து ஏதோ முணுமுணுத்தாய். "பேய்க்கதை படிக்கிற புள்ளையாச்சே" என்று தெருவில் யாரோ ஆரம்பித்தார்கள். மாமா உன்னை வேப்பந்தட்டைப் பக்கம் மந்திரிக்கிறவரிடம் கூட்டிப் போனார், திரும்பவும் கூட்டிப் போனார். வேப்பிலை அடித்த தடம் உன் கையில் இருந்தது. நான் பார்த்தேன்.

"எனக்குப் பேயும் இல்ல, ஒண்ணும் இல்லப்பா. கண்ணப் பாருங்க, மஞ்சளா இருக்கு. ஆஸ்பத்திரிக்குப் போவலாம்ப்பா" என்று நீ சொன்னதும் என் காதில் விழுந்தது. பேய்தான் அப்படிப் பேசி ஏமாற்றுகிறது என்றார்கள். கடைசியில் அரியலூருக்குக் கொண்டுபோனபோது, காமாலை முற்றிவிட்டது, இத்தனை நாள் என்ன செய்தீர்கள் என்று டாக்டர் கேட்டார். அதோடு நீ போய்விட்டாய்.

கதை படித்தவள் நீ, வசந்தா. பேயை நம்பியவர்கள் அவர்கள். இதை ஏன் ஒருவரும் எண்ணிப் பார்க்கவில்லை?

உன்னைப் பேய் அடித்துவிட்டது என்றுதான் இன்றும் ஊரில் பேச்சு. உன் தங்கை பூங்கொடி கையில் பாடப் புத்தகம் தவிர எதுவும் இருக்கக் கூடாதென்று மாமா சொல்லிவிட்டார். நாம் தைத்த புத்தகங்கள் வெந்நீர் அடுப்புக்குப் போய்க்கொண்டிருந்தன. கிணற்றுப் பேயை மட்டும் அத்தையிடம் கெஞ்சி வாங்கி வைத்திருந்தேன்.

முதல் ஆடி வெள்ளி உனக்குக் கன்னிப் படையல். கல்யாணம் ஆகாமல் இறந்துபோன பெண் வீட்டுக்குத் தெய்வமாம். புதுப் பாவாடை சட்டை, வளையல், ரிப்பன், கொழுக்கட்டை எல்லாம் வைத்தார்கள். கன்னிக்கு வைத்ததை எரிக்கவோ தூர எறியவோ கூடாது, வீட்டிலுள்ள பெண்பிள்ளைக்குத்தான் கொடுக்க வேண்டும். அதை நினைத்துக்கொண்டே போனேன். பாவாடை மேல் புத்தகத்தை வைத்தேன்.

மாமாவின் அக்கா பார்த்துவிட்டார். "என்னா புள்ள அது?"

"வசந்தா புத்தகம், பெரியம்மா."

"கன்னிக்கு யாராச்சும் பேய்க்கதைய வைப்பாங்களா? இந்தக் கருமத்தப் படிச்சித்தான் அவளுக்குக் காத்துக் கருப்பு அண்டுச்சு."

"அவளுக்குப் புடிச்சதத்தான வைக்கச் சொன்னீங்க? ரிப்பனு கட்டாததுக்கு அவ பள்ளிக்கூடத்துல தெனமும் திட்டு வாங்குவா."

"வாயப் பாரு இதுக்கு!"

"அவ வந்து பாவாடையக் கட்டிக்குவான்னு நீங்க நம்புறீங்க இல்ல? அப்ப படிக்கவும் செய்வா, பெரியம்மா."

பின்னாலிருந்து யாரோ சிரித்து அடக்கிக்கொண்டார்கள். மாமா புத்தகத்தை எடுக்கக் கையை நீட்டினார். அதற்குள் அத்தை அவசரமாகக் கற்பூரத்தைப் பற்ற வைத்துத் தட்டைச் சுற்றினார்.

"கை வைக்காதீங்க. கற்பூரம் காட்டியாச்சு. எல்லாரும் கும்புட்டுக்குங்க."

பெரியம்மாவும் கன்னத்தில் போட்டுக்கொண்டு உன் பேய்க்கதையைக் கும்பிட்டார், வசந்தா! நீ பார்த்திருக்க வேண்டும்.

மறு வெள்ளி பாவாடை பூங்கொடிக்குப் போனது, புத்தகமும் போனது. பாவாடை அவளுக்கு நீளம். புத்தகத்தை வாசலில் உட்கார்ந்து சத்தமாகப் படிக்கிறாள். மாமா அந்த நேரத்தில் எழுந்து காட்டுப் பக்கம் போய்விடுகிறார். அவர் மேல் எனக்குக் கோபம் தீரவில்லை. தீர வேண்டுமா என்ன?

நீ திரும்பி வரமாட்டாய் என்று எனக்குத் தெரியும். தெரிந்தேதான் உன்னோடு பேசுகிறேன். கதை வேறு, நடப்பு வேறு என்று தெரிந்தும் அழுதுகொண்டே படிப்போமே, அப்படித்தான். கதை படிக்கிறவர்கள் பைத்தியம் என்பவர்களுக்கு இது ஒருநாளும் விளங்காது.

ஒரு வாக்குத் தருகிறேன். கல்யாண வீடோ, கோயிலோ, பெரம்பலூர் பஸ்ஸோ, உன்னைப் பேய் அடித்தது என்று எவர் சொன்னாலும் எழுந்து நின்று சொல்வேன்: "காமாலையில செத்தா. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போகச் சொல்லிக் கேட்டா. நீங்கதான் கேக்கல."

இப்படிக்கு,
உன் மாமன் மகள்
கலைச்செல்வி